பாலம் வருது, பாத்து வா

தொட்டியில் தண்ணீர் ஏறியிருந்தது.

இறங்கியிருந்தால் யூ-ஹெங் கவலைப்பட்டிருக்க மாட்டான். இறங்குவதுதான் தண்ணீரின் வேலை. தைவானின் காவ்ஷியுங் நகரத்தில், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் அறையில், ஆகஸ்டு வெயிலில், திறந்து வைத்த எதுவும் குறையத்தான் செய்யும்: டீ, ஷாம்பூ, படிக்கும் ஆசை. அதனால்தான் தொட்டியை நிரப்பிய அன்றே கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு துண்டு நீல டேப் ஒட்டியிருந்தான். டேப்புக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஊற்ற வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். இப்போது தண்ணீர் டேப்புக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றது. அவன் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

கட்டில் மேல் ஏறி நின்று கூரைத் தகரத்தைத் தடவிப் பார்த்தான். ஒழுகல் இல்லை. கை சுட்டதுதான் மிச்சம்.

அவன் நீரியல் பொறியியல் மாணவன். திரவ இயக்கவியலில் இரண்டு முறை தோற்றவன். ஆனாலும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் ஒன்று யாராவது ஊற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஏதாவது இறங்க வேண்டும் என்கிற அளவுக்குப் பாடம் ஏறியிருந்தது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

டேப் நழுவியிருக்கும் என்று முடிவு செய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

நாலடித் தொட்டி அறையில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் கட்டில். இரண்டுக்கும் நடுவில் அவன் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தான். கருநீர்த் தொட்டி அது. சாலையோர நாட்டு வாதா மரங்களிலிருந்து உதிர்ந்த இலைகளை அள்ளி வந்து, கழுவி, அரிசி வேகவைக்கும் குக்கரில் வேகவைத்து, அடியில் மெத்தை மாதிரி பரப்பிவிட்டால், இலையின் சாறு இறங்கி இறங்கித் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வரும். தென்னமெரிக்காவில் காடு அழுகிக் கலக்கும் ஆறுகள் அப்படித்தான் ஓடுமாம். அங்கிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்கு அந்த இருட்டில்தான் நிம்மதி. முன்கண்ணாடியை ஒட்டி நாலு இலை தெரியும். அதற்கும் பின்னால் மரக்கட்டையின் கிளைகள், பழுப்பில் கரைந்து, யாரோ பாதி நினைவில் வரைந்த படம் மாதிரி தெரியும். அதற்கும் பின்னால் ஒரு பின்கண்ணாடி இருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை.

மீன்கள் மூன்று. உள்ளங்கையை விட உயரமான காட்டு ஏஞ்சல் மீன்கள். கடைக்காரர்கள் அவற்றை எகிப்து ஏஞ்சல் என்பார்கள். எகிப்துக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் பெயரைச் சொன்னதும் வாங்க வந்தவன் ஒரு கணம் மௌனமாகிவிடுவான். அந்த மௌனத்தில் விலையைச் சொல்லிவிடலாம்.

அவை மூன்றும் அவனுக்குச் சும்மா கிடைத்தன. தொட்டி, கட்டை, ஃபில்டர், மீன் எல்லாமே. கொடுத்தவர் லியாங்-சே.

கல்லூரியின் மீன் வளர்ப்போர் சங்கத்தில் லியாங்-சே பெயரைச் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். முதலாண்டு வந்த புதிதில் யூ-ஹெங்கிடம் பேசிய ஒரே மனிதர் அவர்தான். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வாங்கி வந்து, அவன் குடித்து முடிக்கும்வரை கதவருகே நின்றார். அவர் சொன்ன வகுப்பை யூ-ஹெங் எடுத்தான், சொன்ன படத்தைப் பார்த்தான், சொன்ன பெண்ணிடம் போய்ப் பேசி அவமானப்பட்டான். படிப்பு முடிந்து வடக்கே ஷின்ச்சுவில் கணினிச் சில்லுத் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பும்போது, யாருக்கும் தொடக்கூடக் கொடுக்காத அந்தத் தொட்டியை அவர் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் யூ-ஹெங்குக்குத் தருவதாகச் சொன்னார். மற்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டலில் கொஞ்சம் பல் கடிக்கும் சத்தமும் இருந்தது. அவன் அன்று முழுக்கத் தரையில் கால் படாமல் நடந்தான்.

"ஒண்ணே ஒண்ணுடா," என்றார் லியாங்-சே. "புதுத் தண்ணி ஊத்தாத. என் தொட்டித் தண்ணியவே வாளில எடுத்துட்டுப் போலாம். பழகின தண்ணி. அப்பதான் மீன் தாங்கும்."

அதில் தவறேதும் இல்லை. பழைய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கும். அவை வந்தால்தான் புதுத் தொட்டி வாழும். மீன் வளர்க்கிற எவனும் பழைய தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல மாட்டான்.

இரவல் வாங்கிய சின்ன நீல லாரியில் கொண்டுவந்தார்கள். மூடி போட்ட வாளிகள் பின்னால். கட்டையை மட்டும் லியாங்-சே ஈரத்துண்டில் சுற்றி முன்னிருக்கையில் இருவருக்கும் நடுவில் நிறுத்தி, சீட் பெல்ட் போட்டுவிட்டார். லியாங்-சே தங்கியிருந்த சுவோயிங்கிலிருந்து யூ-ஹெங்கின் அறை இருக்கும் லிங்யாவுக்கு வரும் வழியில் வாய்க்கால்களும் ஆறும் குறுக்கே வரும். ஒவ்வொரு பாலம் வரும்போதும் அவர் வண்டியை மெதுவாக்கி, அடித்தொண்டையில், குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்: "பாலம் வருது, பாத்து வா."

"யார்கிட்டண்ணே பேசறீங்க?"

"மீன்கிட்ட."

"மீன் பின்னாடியில்ல இருக்கு?"

"கேக்கும்."

மீன்காரர்கள் மீனோடு பேசுவார்கள். சங்கத்தில் ஒருவன் கெளுத்திக்குத் தேர்வு முடிவு வாசித்துக் காட்டுவான். யூ-ஹெங் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சொல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

அறை வாசலில் கட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லியாங்-சே முகவரி சொன்னார், கூரியர்காரர் மாதிரி, நகரம் வட்டம் தெரு என்று வரிசையாக. "பதினேழாம் நம்பர்..."

"பதினேழு இல்லண்ணே. பதினேழின் ஒண்ணு. பதினேழு பல் டாக்டர் வீடு. அங்க போயிடப் போகுது."

"பதினேழின் ஒண்ணு," லியாங்-சே பொறுமையாகத் திருத்தினார். "மொட்டை மாடி ரூம். யூ-ஹெங் வீடு." பிறகு அவனைப் பார்த்தார். "நீயும் ஒரு வார்த்தை கூப்புடு. வீட்டுக்காரன் கூப்பிடணும்."

யூ-ஹெங் ஓட்டல் வரவேற்பாளன் மாதிரி இடுப்பை வளைத்துக் கையை நீட்டினான். "வாங்க வாங்க. இது உங்க வீடு மாதிரி. செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க."

லியாங்-சே சிரிக்கவில்லை. எப்போதும் சிரிப்பார்.

டேப் நழுவவில்லை. வேலை முடிந்து வந்து வேறொரு துண்டு ஒட்டிப் பார்த்தான். தண்ணீர் அதையும் தாண்டியது. அதோடு மீன்களும் சரியில்லை. அவை இறங்கிய நாள் முதலே முன்பக்கம் வரவில்லை. மூன்றும் வலது மூலையில், கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு, கட்டைக்கு முதுகைக் காட்டி நின்றன, வகுப்புக்கு வெளியே சுவரைப் பார்த்து நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகள் மாதிரி. துடுப்புகள் ஒடுங்கி உடம்போடு ஒட்டியிருந்தன. தீனி போட்டால் அது அவற்றின் முதுகுக்குப் பின்னால் இறங்கி இலைகளுக்குள் போய்விடும், மறுநாள் இருக்காது. மீன் தின்று அவன் ஒருமுறையும் பார்க்கவில்லை.

பரிசோதனைச் சொட்டுகளை விட்டுப் பார்த்தான். அமிலம் சரி. வெப்பம் சரி. வாசனையைச் சோதிக்க மட்டும் சொட்டு விற்கவில்லை. நல்ல கருநீர்த் தொட்டியில் மழை நனைத்த மண்ணும் ஆறிப்போன டீயும் கலந்த வாசனை வரும். இதில் முதலில் அதுதான் வந்தது. பிறகு அதற்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது: உப்பு, சேறு, படகு டீசல், வெயிலில் காயும் வலை. ஆறு கடலில் விழும் இடத்தின் வாசனை. தென்னமெரிக்காவின் நடுக்காட்டில் கடல் கிடையாது.

தொட்டியைப் படமெடுத்து அனுப்பினான். லியாங்-சேயிடமிருந்து கட்டை விரலை உயர்த்திய கரடிப் பொம்மை வந்தது. அடுத்து ஒரு செய்தி: *பழகிக்கிட்டிருக்கு. தொந்தரவு பண்ணாத.*

மீன் பழகுகிறது என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

கண்ணாடியின் உட்புறம் மெல்லிய வழவழப்புப் படலம் படிவது வழக்கம். ஒரு காலை கட்டிலில் படுத்தபடியே பார்த்தபோது, படலத்தில் ஓரிடம் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. முகம் பார்க்கும் அளவு வட்டம். குளிர்நாட்டில் ஜன்னல் பனியைத் துடைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பார்களே, அது மாதிரி. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். துடைத்தது உள்ளேயிருந்து.

அந்த வட்டம் அவன் தலையணைக்கு நேராக இருந்தது.

புயல் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்த காலை, வீட்டுச் சொந்தக்காரி கோ அக்கா மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கட்ட வந்தாள். நாளைக்கு விடுமுறை என்று நகராட்சி சொல்லியாகிவிட்டது. ஊர் முழுக்கக் கீரையும் நூடுல்ஸும் வாங்கிவிட்டு, புயலில் எந்தக் கரோக்கே பாட்டுக்கூடம் திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. கோ அக்காவுக்குக் குரலே இல்லை. காற்றுப் போன பந்து மாதிரி பேசினாள்.

"உன் கூட யாருடா தங்கியிருக்கான்? ஒத்த ஆளுக்குத்தான் வாடகை பேசினேன்."

"யாருமில்லக்கா."

"அப்ப வாசல்ல கெடக்குற செருப்பு யாரது? நீல வெள்ளைச் செருப்பு. ஒத்தச் செருப்பு. அதுவும் சொட்டச் சொட்ட ஈரம். படியெல்லாம் தண்ணி."

அவன் எட்டிப் பார்த்தான். தைவானில் பாதிப் பேர் காலில் கிடக்கும் நீலப் பட்டை, வெள்ளை அடி ரப்பர் செருப்பு. இடது கால். அவனுடையது இல்லை.

"பக்கத்து மாடிலேர்ந்து காத்துல வந்திருக்கும்," என்றான். "தொண்டைக்கு என்னாச்சுக்கா?"

"என் சித்தப்பா பையன் கடல்ல போயிட்டான்ல. அவன் ஆவிய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். கடற்கரைலேர்ந்து வீடு வரைக்கும் எத்தன பாலம் தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் கத்தணும், பாலம் வருது பாத்து வா, பாலம் வருது பாத்து வான்னு. சொல்லலன்னா அந்தக் கரையிலயே நின்னுடுவான். தண்ணில செத்தவனுக்கு தண்ணிய தானா தாண்டத் தெரியாது." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "வாசல்ல விலாசம் சொல்லி, வீட்டுக்காரன் உள்ள கூப்பிடணும். என் சித்தி ஒரே அழுகை, வார்த்தையே வரல. நான்தான் பிடிச்சு உலுக்கினேன், கூப்புடு சித்தி, அவன் வாசல்ல எவ்ளோ நேரம் நிப்பான்னு."

அவள் இறங்கிப் போன பிறகும் யூ-ஹெங் வாசலிலேயே நின்றான். எங்கே கேட்டோம் என்று இப்போது ஞாபகம் வந்தது. சின்ன வயதில், தாத்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வண்டியில், ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு அவனையும் சொல்லச் சொன்னார்கள். அவன் விளையாட்டு என்று நினைத்து உற்சாகமாகக் கத்தினான்.

லாரியில் பின்னால் இருந்தது மீன்.

முன்னால் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது கட்டை.

சங்க அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். ஆ-ரூய் என்று ஒருவன். யூ-ஹெங் சேர்வதற்குச் சற்று முன்னால் செத்துப்போனவன். புயல் ஓய்ந்ததும் ஆறுகள் மலையிலிருந்து மரங்களை உருட்டிக்கொண்டு வந்து முகத்துவாரத்தில் தள்ளும். தொட்டிக்கு நல்ல கட்டை பொறுக்க மீன்காரர்கள் அங்கே ஓடுவார்கள். அப்படிப் போனவன் திரும்பவில்லை. உடன் போனவர் லியாங்-சே. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். நண்பனை இழந்தவர் என்பதால் அவர்மேல் மரியாதை இன்னும் கூடியிருந்தது.

யூ-ஹெங் லியாங்-சேயை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். கரடிப் பொம்மை வந்தது.

அவருக்குக் காரணம் ஏதாவது இருக்கும், என்று சொல்லிக்கொண்டான். அவர் எனக்குக் கஞ்சி வாங்கி வந்தவர்.

மறுநாள் மதியமே வானம் தொட்டித் தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. காற்று முதலில் விசிலடித்தது, பிறகு தகரக் கூரையின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது, பிறகு மழை இறங்கியது. ஒரு லாரி சரளைக் கல்லைத் தலைமேல் கொட்டிக்கொண்டே இருப்பது மாதிரி சத்தம், அந்தச் சத்தத்துக்குள்ளே எங்கோ விளம்பரப் பலகை ஒன்று அறைந்து அறைந்து விழும் சத்தம், அதற்கும் உள்ளே, மிக அருகில், தொட்டியின் பக்கமிருந்து, சின்னதாக, யாரோ உதட்டைப் பிரிக்கும் சத்தம். மின்சாரம் போனது. ஃபில்டர் நின்றது. மீன் வளர்ப்பவன் புயலைவிட அதிகம் பயப்படுவது அந்த மௌனத்துக்குத்தான். அவன் பேட்டரி காற்றுக் குழாயைத் தடவி எடுத்துத் தண்ணீரில் போட்டான். குமிழிகள் ஓடத் தொடங்கின. கைவிளக்கை ஏற்றினான்.

தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது. விளிம்புக்கும் சற்று மேலே, தோல் மாதிரி புடைத்து, வழியாமல்.

அறையை விட்டுப் போய்விடலாம் என்று கதவைத் திறந்தான். படிக்கட்டுக்குப் போக மொட்டை மாடியைக் கடக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் நிழற்கூரை முழுசாகப் பிய்த்துக்கொண்டு வந்து படிக்கட்டுக் கதவின் குறுக்கே சொருகிக்கொண்டிருந்தது. தள்ளிப் பார்த்தான். மழை அவனைச் சுவரோடு வைத்து அறைந்தது. திரும்ப அறைக்குள் வந்தபோது முழுக்க நனைந்திருந்தான். வாசலில் ஒற்றைச் செருப்பு அப்படியே கிடந்தது. அத்தனை காற்றுக்கும் அது அசைந்திருக்கவில்லை.

போன் அடித்தது. லியாங்-சே.

அழாத குறையாக எடுத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டிக்கு மேலே விளக்கு மாட்டிய சட்டத்தில் வைத்தான். அந்தப் பக்கம் சூப் கொதிக்கும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். வடக்கே புயல் இல்லை.

"கரண்ட் போச்சாடா?"

"போச்சுண்ணே. நேத்துலேர்ந்து கூப்புடறேன்."

"வேல. காத்துக் குழாய் ஓடுதா?"

"ஓடுது. அண்ணே, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு."

"எதுவரைக்கும்?"

"விளிம்பு வரைக்கும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. கதவொன்று சாத்தப்பட்டது. சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. "நல்லது," என்றார் லியாங்-சே. தாமதமான பேருந்து திரும்புவது கண்ணில் பட்டவர் சொல்கிற மாதிரி. "ஒண்ணுமில்ல. ஃபில்டர் வாயில இலை அடைச்சிருக்கும். கைய விட்டு எடுத்துடு. கட்டைக்கு அடியில. தோள் வரைக்கும் விடணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் யூ-ஹெங் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான். எப்போதுமே அப்படித்தான், அவர் சொன்னால் முதலில் கை போகும், புத்தி பின்னால் வரும். விரல்கள் தண்ணீருக்குள் இறங்கின.

குளிர்.

வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர். ஆற்றுக் குளிர். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

ஃபில்டர் நின்று போயிருக்கிறது. நின்று போன ஃபில்டரின் வாயில் இலை அடைத்தால் என்ன, அடைக்காவிட்டால் என்ன?

"அண்ணே. பாலத்துல யார்கிட்ட பேசினீங்க?"

யூ-ஹெங் மழைக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"மீன்கிட்டயா?"

"அவன் செத்தும் ரெண்டு வருஷமா என் ரூம்லதான் இருந்தான்டா," என்றார் லியாங்-சே. குரலில் கோபம் இல்லை. தூக்கம் கெட்டவனின் குரல். "அந்தக் கட்டைய ரெண்டு பேரும் சேந்துதான் இழுத்தோம். ஆளுக்கொரு முனை. கரைக்கு வந்தப்ப என் முனை மட்டும்தான் வந்துச்சு."

"கட்டைய ஏண்ணே எடுத்துட்டு வந்தீங்க?"

"நல்ல கட்டைடா அது."

யூ-ஹெங் பகுதி நேரமாக வேலை பார்ப்பது இரவு பகல் திறந்திருக்கும் கடையில். அங்கே ஒரே ஒரு விதிதான். மாற்று ஆள் வந்து நிற்காமல் கல்லாவை விட்டு நகரக் கூடாது. ஆவிகள் உலவும் ஏழாம் சந்திர மாதத்தில் குழந்தைகளை ஆற்றுப் பக்கம் விடாத எல்லா அம்மாக்களும் சொல்வது அதே விதியைத்தான். தண்ணீரில் போனவன் தன் இடத்துக்கு ஓர் ஆளை வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

"உங்கள விட்டுட்டானா?"

"நான் வேற ஆளு தரேன்னு சொன்னேன்."

யூ-ஹெங் கைவிளக்கைத் தொட்டிப் பக்கம் திருப்பினான்.

"நான் என்னண்ணே பண்ணேன் உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலடா. நல்ல பையன் நீ." கொஞ்சம் யோசித்தார். யோசித்து உண்மையைச் சொன்னார், அது ஒரு மரியாதை என்பது மாதிரி. "மத்தவனுங்க எல்லாம் ஏன்னு கேப்பானுங்க. நீ கேக்க மாட்ட."

கஞ்சி. அவன் குடித்து முடிக்கும்வரை கதவருகே நின்றவர். சங்கத்தில் எல்லோர் முன்னாலும் அவன் தோளில் கை போட்டவர். அந்தக் கை அளவெடுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, வேணாம்ணே. வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீதானேடா உள்ள கூப்பிட்ட? நம்பரக்கூட நீதான் திருத்திக் குடுத்த."

பிறகு லியாங்-சே அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. விளக்குச் சட்டத்தின் மேல். தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அதே அடித்தொண்டைக் குரல், குழந்தைக்குச் சொல்வது மாதிரி.

"ஆ-ரூய். கேக்குதா? பாலம் எல்லாம் தாண்டியாச்சு. வீடு இதுதான். ஆளு இவன்தான்."

யூ-ஹெங் போனைத் தட்டிவிட்டான். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அதன் வெளிச்சம் தரையில் ஒருமுறை சுழன்று அணைந்தது.

மழை.

குமிழிகள்.

தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் நகர்ந்தான். முழங்காலின் பின்புறம் கட்டில் இடித்தது. நின்றான். கைவிளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, பழுப்பில் புகுந்து, கட்டையின் கிளைவரை போய்ச் செத்தது. கிளைக்குப் பின்னால் எதுவும் அசையவில்லை. ஒரு கிளை மற்றவற்றைவிட வெளுப்பாக இருந்தது. ஐந்தாகப் பிரிந்திருந்தது.

கண்ணைச் சிமிட்டினான்.

அந்தக் கிளை இல்லை.

கூரை ஒருமுறை பெரிதாக அதிர்ந்தது. கைவிளக்கு அணைந்தது. தட்டினான். இன்னொருமுறை தட்டினான். அந்த இருட்டில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டது. ஊற்றுகிற சத்தம் இல்லை. குளித்துவிட்டு எழுந்தவன் மேலிருந்து வடிகிற சத்தம். பிறகு பாதம். ஈரப் பாதம். ஒன்று. இன்னொன்று. அவனைக் கடந்து போனது. கடக்கும்போது சேற்று வாசனை முகத்தில் அடித்தது.

விளக்கு எரிந்தது.

முதலில் அவன் பார்த்தது மீன்களை.

அவை திரும்பியிருந்தன. மூலையை விட்டு வெளியே வந்திருந்தன. கட்டையைச் சுற்றி, கிளைகளுக்கு நடுவே, பயமில்லாமல், மூன்றும் மெல்ல நீந்தி முன்கண்ணாடிக்கு வந்தன. ஒடுங்கிக் கிடந்த துடுப்புகள் பாய்மரம் விரிவது மாதிரி மேலும் கீழும் விரிந்தன. வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகள், செம்பழுப்புப் புள்ளிகள். ஒன்று இலைமேலிருந்த தீனியைக் கொத்தித் தின்றது. இதைப் பார்க்கத்தான் அவன் இத்தனை நாள் காத்திருந்தான். அத்தனை அழகு. ஒரு கணம், அந்த நிலையிலும், லியாங்-சேக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

பிறகு டேப்பைப் பார்த்தான்.

தண்ணீர் இறங்கியிருந்தது. நீல டேப்பின் விளிம்பில், நிரப்பிய அன்று நின்ற அதே இடத்தில், அசையாமல் நின்றது.

அவனுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. கனமாக ஒருவர் உட்காரும் சத்தம். மெத்தையிலிருந்து தண்ணீர் பிழிந்து தரையில் சொட்டத் தொடங்கியது.

மீன்கள் தின்பதை நிறுத்தின. மூன்றும் தலை நிமிர்ந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தன.

பிறகு மூன்றும் ஒன்றாக, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, மெல்லப் பின்னால் நகர்ந்தன.